ஒரு மைதானமும் பல விளையாட்டுகளும்



கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்தை அறியாதார் நம் கரையோரத்தில் மிகச் சிலரே. கேணி என்பது நீர்நிலைக்குரிய பெயர். அப்பெயர் தாங்கிய நிலத்திலேதான் இன்று இளைஞர் பந்துதைத்து ஆடுகின்றனர்.

கிழக்கே கடல், மேற்கே வயல். இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபின், குடியிருப்புக்கே நிலம் தேட வேண்டியதாயிற்று. ஆகவே விளையாட்டுக்கு ஒரு திடலாக ஒதுக்குதல் இங்கே அரிது. ஒரே திடல் பல விளையாட்டுகளுக்கும் இடந்தர வேண்டும்.

அது எளிதன்று. 400 மீற்றர் ஓட்டத் தடத்தின் உட்புறம் ஏறத்தாழ 73 மீற்றர் அகலமே உடையது. 68 மீற்றர் அகலமுள்ள உதைபந்தாட்டத் திடல் அதனுள் அடங்கும். கிரிக்கெட்டோ அடங்காது. ஆடவர் சர்வதேச ஆட்டமாயின், ஆடுகளத்தின் நடுவிலிருந்து எல்லைக்கோடு எப்பக்கமும் 59 மீற்றருக்குக் குறையலாகாது. ஆகவே நிலையான தடம் அமைத்தால் ஓடுவோர் மகிழ்வர். மட்டை பிடிப்போர் வேறிடம் நாட வேண்டும். புற்றரையில் சுண்ணாம்புக் கோடிட்டு ஓடினால் இருசாராரும் வாழலாம். ஆனால் செயற்கைத் தடத்தின் வேகம் கிட்டாது.

எதைக் கொள்வது, எதை விடுவது? வரைபடம் எழுதுமுன் பாடசாலைகளையும் கழகங்களையும், தமிழரையும் முஸ்லிம்களையும், ஆடவரையும் பெண்பிள்ளைகளையும் கேட்டல் வேண்டும்.

இன்னொன்று: பார்வையாளர் மண்டபத்துக்கு முன் வடிகாலை அமையுங்கள். ஐப்பசி தொட்டுப் பெய்யும் மாரியில், நீர் தேங்கிய திடலில் எந்த விளையாட்டும் நடவாது. மதில் எழுந்தபின்னும், மாலையில் வெறுங்காலுடன் வரும் சிறுவனுக்கு வாயில் திறந்திருக்க வேண்டும்.