டிரம்மில் கசிவது எந்த ஆயில்?



கொல்கத்தாவின் மஞ்சள் டாக்சியைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அது அம்பாசிடர் கார். கொல்கத்தாவுக்கு அருகே உள்ள உத்தர்பாரா என்ற ஊரில் அதைச் செய்தார்கள். 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுவிட்டது. ஆகவே இன்று ஓடுகிற அம்பாசிடர் எல்லாமே வயதான வண்டிதான். வயதான வண்டிக்கு வரும் நோய்களில் ஒன்று, பின் சக்கர டிரம்மில் கசிவு. இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

கொல்கத்தாவில் ஒரு டாக்சி ஓட்டுநர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வண்டி எடுக்கும்முன் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பார்ப்பார். நல்ல பழக்கம். ஆயில் குறைந்திருக்கும். கொஞ்சம் ஊற்றுவார். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் மறுபடியும் குறைந்திருக்கும். மறுபடியும் ஊற்றுவார். "பழைய வண்டி, கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும்" என்பது அவர் எண்ணம்.

என்ஜின் ஆயில் அப்படிக் குறையலாம். என்ஜினில் அது எரிந்து போகும். பிரேக் ஆயில் எரிவதில்லை. அது மூடிய குழாய்க்குள் இருக்கிறது. லைனிங் தேயத் தேய டப்பாவில் சிறிதளவு இறங்கும், உண்மைதான். ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும். மூன்று நாளைக்கு ஒரு முறை ஊற்ற வேண்டியிருந்தால், ஆயில் எங்கோ வெளியே போகிறது என்று பொருள்.

எங்கே போகிறது? பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். ஆயில் குழாய் வழியாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் போகும். பின் சக்கர டிரம்முக்குள் வீல் சிலிண்டர் என்ற சிறிய உருளை இருக்கிறது. அதன் பிஸ்டன் பிரேக் ஷூவைத் தள்ளும். ஷூவில் உள்ள லைனிங் டிரம்மில் அழுந்தி உரசும். சக்கரம் நிற்கும். வீல் சிலிண்டருக்குள் ஆயிலைத் தடுத்து நிறுத்துவது ஒரு சின்ன ரப்பர் கப். அந்தக் கப் வயதாகி இறுகிப் போனால், அல்லது சிலிண்டரின் உள்சுவர் துருப்பிடித்தால், ஆயில் கசிந்து லைனிங் மேல் விழும். பிடிக்க வேண்டிய லைனிங் வழுக்கும்.

ஒரு மழை நாள். முன்னால் போன பேருந்து சட்டென்று நின்றது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். பெடல் பாதிக்கு மேல் இறங்கியது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், பேருந்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பின்னால் இருந்த பயணி ஒன்றும் பேசவில்லை. கூலியைக் கொடுத்துவிட்டு இறங்கி நடந்தே போய்விட்டார்.

ஓட்டுநர் நேரே பட்டறைக்குப் போனார். மிஸ்திரி முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார். ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தினார். ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் உறுதியான ஸ்டாண்டு வைத்தார். ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வண்டிக்கு அடியிலும் கை வைக்கக் கூடாது. இரண்டு பின் சக்கரங்களையும் கழற்றினார். இரண்டு பக்கமும் உள்பக்கம் ஈரம்.

"தாதா, ரெண்டு பக்கமும் வீல் சிலிண்டர் கிட் மாற்றிவிடுங்கள். மத்தியானம் வண்டி எடுக்க வேண்டும்" என்றார் ஓட்டுநர். (வங்காளத்தில் அண்ணனைத் தாதா என்பார்கள். அது மரியாதைச் சொல்.)

மிஸ்திரி கிட்டை எடுக்கவில்லை. பக்கத்து டீக்கடையிலிருந்து இரண்டு மண் குவளைகள் வாங்கிவரச் சொன்னார். அங்கே டீ குடித்துவிட்டு அந்தக் குவளையை எறிந்துவிடுவது வழக்கம். இரண்டிலும் தண்ணீர் ஊற்றினார். இடது சக்கரத்தில் வழிந்திருந்ததைக் குச்சியால் தொட்டு ஒரு குவளையில் விட்டுக் கலக்கினார். அது தண்ணீரோடு கலந்து மறைந்தது. வலது சக்கரத்தில் இருந்ததை மற்றக் குவளையில் விட்டார். அது கலக்கவில்லை. தண்ணீர் மேல் படலமாக மிதந்தது.

"இடது பக்கம் பிரேக் ஆயில். வலது பக்கம் கியர் ஆயில். நோய் இரண்டு" என்றார் மிஸ்திரி.

இங்கேதான் பெயர் ஏமாற்றுகிறது. பிரேக் ஆயில் என்று எல்லாரும் சொல்கிறோமே தவிர, அது எண்ணெயே அல்ல. சாதாரணமாக விற்கிற பிரேக் ஆயில் தண்ணீரில் கலக்கும் ஒரு திரவம். காற்றில் உள்ள ஈரத்தைக்கூட உறிஞ்சும். அந்த ஈரத்தால்தான் நாளடைவில் சிலிண்டருக்குள் துருப்பிடிக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாந்து என்ஜின் ஆயிலை அந்த டப்பாவில் ஊற்றியவர்கள் உண்டு. ஊற்றினால் ரப்பர் எல்லாம் உப்பிவிடும். பிறகு மாஸ்டர் சிலிண்டர் முதல் நான்கு சக்கரம் வரை எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டும். ஆகவே புட்டியில் உள்ள எழுத்தைப் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். 'டாட் 3' அல்லது 'டாட் 4' என்று அச்சிட்டிருக்கும். வண்டிக் கையேட்டில் எது சொல்லியிருக்கிறதோ அதுதான் சரி. பெயர் இல்லாத புட்டியில் சில்லறையாக விற்பதை வாங்க வேண்டாம். அது விஷம். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உரியும்.

அம்பாசிடரில் என்ஜின் முன்னால் இருக்கிறது. ஓடும் சக்தி பின் சக்கரத்துக்குப் போகிறது. பின் அச்சுக் கூட்டுக்குள் கியர் ஆயில் இருக்கும். சக்கரத்துக்கு உள்ளே இருக்கும் ஆயில் சீல் தேய்ந்தால் அது டிரம்முக்குள் வரும். கையில் தொட்டால் கொழகொழவென்று இருக்கும், நெடி அடிக்கும். மாருதி 800-இல் இந்தத் தொல்லை கிடையாது. அதில் சக்தி முன் சக்கரத்துக்குப் போகிறது. அதன் பின் டிரம்மில் ஈரம் என்றால் பெரும்பாலும் பிரேக் ஆயில்தான்.

இடது பக்க வேலை முதலில் நடந்தது. டிரம்மைக் கழற்றியதும் மிஸ்திரி உள்ளே இருந்த தூசியை ஊதவில்லை. ஈரத்துணியால் துடைத்தார். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டு கழித்துக்கூடப் புற்றுநோய் வரலாம். ஏர் குழாயால் ஊதிச் சுத்தம் செய்கிற பட்டறைகள் தங்கள் பிள்ளைகளையே வருத்துகின்றன.

வீல் சிலிண்டரின் தூசி உறையை விரலால் விலக்கிப் பார்த்தார். உள்ளே நனைந்திருந்தது. பிஸ்டனை எடுத்து உள்சுவரை வெளிச்சத்தில் பார்த்தார். துருவினால் குழி விழுந்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுக் கப் போட்டால் சில வாரம் தாங்கும். பிறகு மீண்டும் கசியும். ஆகவே முழுச் சிலிண்டரையும் மாற்றினார்.

வலது பக்கம் அச்சுத் தண்டை வெளியே எடுத்து ஆயில் சீலை மாற்ற வேண்டியிருந்தது. அச்சுக் கூட்டின் மேலே, உள்ளே சூடாகும் காற்று வெளியேற ஒரு சிறு வழி இருக்கும். அது சேற்றால் அடைபட்டிருந்தது. அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி, ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். அதைச் சுத்தம் செய்யாமல் விட்டிருந்தால் புது சீலும் நிலைத்திருக்காது.

கடைசியில் லைனிங் பற்றிப் பேச்சு வந்தது.

"பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டிப் போட்டுவிடலாமே தாதா?"

"மேலே காய்ந்தது போல இருக்கும். பிரேக் பிடித்துச் சூடானதும் உள்ளே ஊறிய ஆயில் வெளியே வரும். பேருந்துக்கு முன்னால் ஒரு முழம் இருந்தது என்றாயே, அடுத்த முறை அது இருக்குமா?"

ஓட்டுநர் பணத்தை எண்ணிப் பார்த்தார். அன்றைய சம்பாத்தியம் இல்லை. மறுநாளுடையதும் பாதி போகும். இரண்டு பக்கமும் புது லைனிங் போடச் சொன்னார். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும்.

பிறகு குழாயில் புகுந்த காற்றை எடுத்தார்கள். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்து அப்படியே பிடித்திருந்தார். மற்றவர் சக்கரத்தின் நிப்பிளைச் சிறிது தளர்த்தினார். குமிழியோடு ஆயில் வந்தது. நிப்பிளை இறுக்கிய பிறகுதான் காலை எடுத்தார். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கி, குமிழி வராத வரை செய்தார்கள். இடையிடையே டப்பாவை நிரப்பினார்கள். வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றவில்லை.

என்ஜினை நிறுத்தி, பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தார் ஓட்டுநர். பெடல் கல்லைப் போல நின்றது. ஆள் இல்லாத தெருவில் மெதுவாக ஓட்டி நாலைந்து முறை பிரேக் போட்டுப் பார்த்தார். வண்டி நேராக நின்றது.

மறுநாள் காலையில் அவர் டப்பாவைப் பார்த்தார். அளவு குறையவில்லை. பிறகு குனிந்து, இரண்டு பின் சக்கரங்களின் உள்பக்கத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். விரலில் தூசிதான் ஒட்டியது.