வண்டி ஓட்டுபவனின் வோட்டு எங்கே?

(நாமக்கல்லில் லாரி, ரிக் தொழிலாளர்களிடையே நிகழ்த்திய உரை)



அமெரிக்காவில் ஜனங்கள் அரசியலில் எப்படிப் பங்கெடுக்கிறார்கள், கட்சிகளில் அவர்களுக்கு என்ன இடம் என்று பேசும்படி கேட்டீர்கள். பேசுகிறோம். ஆனால் வாஷிங்டனிலிருந்து தொடங்கினால் நாமக்கல் வந்து சேரப் பொழுது விடிந்துவிடும். ஆகவே நம் ஊரிலிருந்தே புறப்படுவோம். வழியில் அமெரிக்காவையும் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கூட்டத்துக்கு யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். பெண்கள் நிறைய வந்திருக்கிறீர்கள். வயதான தோழர்கள் வந்திருக்கிறீர்கள். லோடு இறக்கிவிட்டு வீட்டில் இரண்டு நாள் தங்க வந்த டிரைவர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். மற்றவர்கள் எங்கே? ஒருவர் நாக்பூருக்கு அப்பால் டயர் மாற்றிக்கொண்டிருப்பார். ஒருவர் கல்கத்தா ரோட்டில் செக்போஸ்டில் நிற்பார். திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு போன பிள்ளைகள் ராஜஸ்தானிலோ சத்தீஸ்கரிலோ யார் தோட்டத்திலோ ஆழ்குழாய்க் கிணறு போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பொங்கலுக்கு வந்தால் உண்டு, இல்லையென்றால் ஆடி நோன்பிக்கு.

நாமக்கல் முட்டை போகாத ஊர் உண்டா? சேலத்து ஜவ்வரிசி போகாத மாநிலம் உண்டா? எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன் நம்ம ஆள். அவனுடைய வோட்டு மட்டும் அவனோடு போகாது. அது இங்கே ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில், ஜாபிதாவின் ஒரு வரியில் கிடக்கும். அந்த வரிக்கு எதிரே அன்றைக்கு யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.

2024 ஏப்ரல் 19ந் தேதி பார்லிமெண்ட் தேர்தல் நடந்தது. தமிழ்நாடு முழுவதும் சேர்த்து நூற்றுக்கு ஏறக்குறைய 70 பேர் வோட்டுப் போட்டார்கள். சேலம், நாமக்கல் தொகுதிகளில் நூற்றுக்கு 78 பேர். நம் ஜில்லாக்காரர்கள் மாநிலத்துக்கே முன்னால் நிற்கிறார்கள், சந்தோஷம்தான். மீதி 22 பேர் யார்? சோம்பேறிகள், நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்று பத்திரிகையில் உபதேசம் எழுதுகிறார்கள். உபதேசம் எழுதுகிறவருக்கு வாக்குச்சாவடி தெருமுனையில் இருக்கிறது. நம் டிரைவருக்கு 1,500 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

சட்டத்தில் இதற்கு வழி இல்லையா என்று கேட்பீர்கள். தேர்தல் நாளில் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. நல்ல ஷரத்துதான். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவர் அதைக் காட்டி முதலாளியிடம் வாதாடலாம். ஆனால் நாக்பூரில் நிற்கிறவனுக்கு லீவு கொடுத்து என்ன பிரயோஜனம்? லாரிக்குள்ளேயே படுத்துத் தூங்கலாம், அவ்வளவுதான்.

சரி, தபால் வோட்டு? பட்டாளத்தில் இருப்பவர்களுக்கு உண்டு. தேர்தல் வேலை பார்க்கும் உத்தியோகஸ்தர்களுக்கு உண்டு. 85 வயது தாண்டியவர்களுக்கும், நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையாத உடல் ஊனம் உள்ளவர்களுக்கும் உண்டு, அது நியாயம். காஷ்மீரை விட்டு வெளியேற நேர்ந்தவர்கள் டில்லியிலும் ஜம்முவிலும் இருந்துகொண்டே தங்கள் சொந்தத் தொகுதிக்கு வோட்டுப் போடத் தனிச் சாவடியே அமைத்துக் கொடுத்தார்கள், அதுவும் நியாயம். இன்னும் ஒரு ரகம் இருக்கிறது, கேளுங்கள். தடுப்புக் காவல் சட்டத்தில் சர்க்கார் பிடித்து உள்ளே வைத்திருக்கிறதே, அவனுக்கும் தபால் வோட்டு உண்டு! ஆக, நம் டிரைவர் தோழர் வெளியூரில் இருந்தபடி வோட்டுப் போட வேண்டுமென்றால் தடுப்புக் காவலில் போனால்தான் முடியும் போலிருக்கிறது. (சிரிப்பு)

தேர்தல் கமிஷனுக்கு இந்தக் குறை தெரியாமல் இல்லை. 2019 தேர்தலில் நாடு முழுவதும் 30 கோடிப் பேருக்கு மேல் வோட்டுப் போடவில்லை என்றும், பிழைக்கப் போன இடத்தில் இருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்றும் 2022 டிசம்பரில் கமிஷனே சொன்னது. ஒரே யந்திரத்தில் 72 தொகுதிகளுக்கு வோட்டுப் போடலாம் என்று ஒன்றைச் செய்து, 2023 ஜனவரி 16ந் தேதி கட்சிகளைக் கூப்பிட்டுக் காட்டுவதாக இருந்தது. எதிர்க்கட்சிகள் பல ஐயங்களைக் கிளப்பின. பிற மாநிலத்தில் சாவடி வைத்தால் அங்கே நம் ஏஜெண்டாக உட்காருவது யார்? யார் வெளியூர்த் தொழிலாளி என்று முடிவு செய்வது யார்? நியாயமான கேள்விகள். ஆனால் யந்திரத்தை எதிர்த்துப் பேசியதோடு விஷயம் தீர்ந்துவிட்டதாக நினைத்துவிட்டார்கள். யந்திரம் வேண்டாம் என்றால், சாதாரணத் தபால் காகிதத்தைக் கொடுங்கள் என்று கேட்க வேண்டுமா, வேண்டாமா? அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

இங்கேதான் அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். அங்கே தேர்தல் நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமையில். 1845ல் செய்த சட்டம், இன்றைக்கும் அதேதான். தேசம் முழுவதற்கும் அன்று லீவு கிடையாது. ஆனால் தபால் மூலம் வோட்டுப் போடும் வழக்கம் அங்கே பரவியிருக்கிறது. சில மாநிலங்களில் காரணம் சொல்ல வேண்டும். பல மாநிலங்களில் கேட்டாலே அனுப்புகிறார்கள். ஆரிகன் போன்ற மாநிலத்தில் எல்லோருக்குமே தபாலில் வருகிறது. 2020ல் கொள்ளைநோய்க் காலத்தில் நடந்த ஜனாதிபதி தேர்தலில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் தபாலில்தான் போட்டார்கள். அந்தத் தேர்தலில் வோட்டுரிமை உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் வோட்டளித்தார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே காணாத கூட்டம். அந்த நாட்டு லாரி டிரைவர் மனுப் போட்டால் காகிதம் வீட்டுக்கு வரும். புறப்படும் முன் எழுதி அனுப்பிவிட்டுப் போகலாம். டாலர் தேசத்தில் உள்ள ஒரு நல்ல காரியத்தை நல்லது என்று சொல்ல நமக்குக் கூச்சமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே கட்சிக்கு அபேட்சகர் யார் என்பதையே ஜனங்கள் பூர்வாங்கத் தேர்தல் வைத்துத் தீர்மானிக்கிறார்கள். பல மாநிலங்களில் ஜாபிதாவில் பெயர் எழுதும்போதே எந்தக் கட்சி என்று எழுதிக்கொள்ளலாம். நம் ஊரில் பெரிய கட்சிகளின் அபேட்சகர் பட்டியல் சென்னையில் ராத்திரி தயாராகி, காலையில் நமக்குப் பத்திரிகையில் வருகிறது. ஜாதி பார்த்தார்களா, பணம் பார்த்தார்களா என்று டீக்கடையில் ஆராய்வதுதான் தொண்டனுக்கு மிஞ்சும் பங்கு.

ஆனால் அங்கேயும் பாலும் தேனும் ஓடவில்லை. வோட்டுரிமை சட்டத்தில் இருந்தும், தென் மாநிலங்களில் நீக்ரோ மக்களைத் தலைமுறை தலைமுறையாகச் சாவடிப் பக்கம் அண்டவிடவில்லை. எழுத்துப் பரீட்சை வைத்தார்கள், தலைவரி கேட்டார்கள். 1965 மார்ச்சில் செல்மா என்ற ஊரின் பாலத்தின் மேல் போலீஸ் தடியால் அடித்தது; அந்த இரத்தத்துக்குப் பிறகுதான் அதே வருஷம் வோட்டுரிமைச் சட்டம் வந்தது. கம்பெனிகள் தேர்தல் பிரசாரத்துக்கு அளவில்லாமல் செலவழிக்கலாம் என்று 2010ல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் கதவைத் திறந்தும் விட்டது. ஏழைக்கு ஒரு வோட்டு, கம்பெனிக்கு ஒரு பெட்டி டாலர்!

நமக்கு மட்டும் வோட்டு சும்மா வந்ததா? 1920ல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தபோது நிலவரி, வீட்டுவரி கட்டுகிறவர்களுக்குத்தான் வோட்டு. 1937லும் வயது வந்தவர்களில் பெரும்பாலோர் வெளியேதான் நின்றார்கள். பண்ணையாளும் தறிக்காரரும் முதன்முதலாகப் பெட்டியில் சீட்டுப் போட்டது 1952ல். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1950 பிப்ரவரி 11ந் தேதி, இதே சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். 1952ல் சென்னைச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. கம்யூனிஸ்டுகள் 62 இடம் பிடித்தார்கள். பிறகு நடந்ததென்ன? தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேல்சபைக்கு நியமித்து முதல் மந்திரி ஆக்கினார்கள். 1917ல் சேலம் முனிசிபல் சேர்மனாக இருந்தவர், கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் அந்த நாற்காலிக்கு ஜனங்களிடம் வோட்டுக் கேட்டு அவர் வரவில்லை.

ஆற்றைத் தாண்டினால் மொடக்குறிச்சி. 1996 சட்டசபைத் தேர்தலில் அங்கே 1,033 பேர் நின்றார்கள்! விவசாயிகளின் குறையை யாரும் கேட்கவில்லை என்று, ஆளுக்கு 250 ரூபாய் டிபாசிட் கட்டி மனுப் போட்டார்கள். வோட்டுச் சீட்டு புத்தகமாயிற்று. தேர்தலையே தள்ளிவைக்க நேர்ந்தது. 88 பேருக்கு ஒரு வோட்டும் விழவில்லை. அதாவது தன் வோட்டையே தனக்குப் போட்டுக்கொள்ளாமல் நின்றவர்கள்! வேடிக்கை என்று ஊர் சிரித்தது. சர்க்கார் அதற்குச் சொன்ன பதில் என்ன? டிபாசிட் 5,000 ஆயிற்று, 2009ல் 10,000 ஆயிற்று. விவசாயியின் குறை தீர்ந்ததோ இல்லையோ, விவசாயி நிற்கும் வழி அடைபட்டது.

தேர்தலுக்குத் தேர்தல் நடுவில் கிராமசபை என்று ஒன்று இருக்கிறது. மே தினத்திலும் அது கூடும். தொழிலாளி தினத்தில் கூடும் சபையில் தொழிலாளியைக் காணோம், அவன் ரோட்டில்! அவன் வீட்டுப் பெண்கள் போகலாமே? தண்ணீர், சாக்கடை, ரேஷன் எல்லாம் அவர்கள் தலையில்தானே விடிகிறது? நம் ஜில்லாக்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த கிராமப் பஞ்சாயத்துகளின் காலம் 2025 ஜனவரி 5ந் தேதி முடிந்தது. உடனே தேர்தல் வைக்காமல் தனி அதிகாரிகளிடம் சாவியைக் கொடுத்தார்கள். தலைவர் இல்லாத பஞ்சாயத்தில் கிராமசபையையும் நாம் விட்டுவிட்டால் கேட்பதற்கு யார்?

இப்போது அவசரமான விஷயத்துக்கு வருகிறோம். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் ஜாபிதாவைத் தீவிரமாகத் திருத்தும் வேலை தொடங்கிற்று. டிசம்பர் 19ந் தேதி வெளியிட்ட நகலில் 6 கோடியே 41 லட்சம் பேரில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. செத்தவர்கள் பெயர் போகட்டும், இரட்டைப் பதிவும் போகட்டும். ஆனால் நீக்கியதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, இடம் பெயர்ந்தவர்கள், வீட்டில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் போயிருக்கிறது. வீட்டில் இல்லாதவர்கள்! லாரிக்காரன் வீட்டில் எப்போது இருந்தான்? ரிக் வண்டிப் பையன் எப்போது இருந்தான்? ஊரை விட்டவன் வேறு, ஊருக்குச் சம்பாதிக்கப் போனவன் வேறு. இந்த வித்தியாசத்தை அதிகாரிக்கு எடுத்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லையென்றால் பெயர் போய்விடும்.

இது புதிதுமல்ல. 1952 தேர்தலுக்கு ஜாபிதா எழுதியபோது, வடக்கே பல மாகாணங்களில் பெண்கள் அன்னியரிடம் சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் எழுதவிட்டார்கள். அப்படிப்பட்ட சுமார் 28 லட்சம் பேரை ஜாபிதாவிலிருந்தே நீக்கினார்கள். அடுத்த தேர்தலுக்குள் ஊர் ஊராகப் போய்ச் சொல்லித்தான் அவர்கள் பெயர் ஏறிற்று. பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டதற்கு அந்தக் காலத்தில் ஒரு வோட்டு விலை. இன்றைக்கு வேலைக்குப் போனதற்கா அந்த விலை?

ஆகவே தாய்மார்களே, இந்த வேலை உங்களிடம்தான் வருகிறது. உங்கள் வாக்குச்சாவடி ஜாபிதாவைக் கேட்டு வாங்கி, கணவர், மகன், கொழுந்தன் என்று வீட்டில் உள்ள ஒவ்வொரு பெயரையும் விரல் வைத்துப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் ஆறாம் நம்பர் படிவம். ரோட்டில் இருப்பவருக்குப் போன் போட்டு வயது, முகவரி அத்தாட்சியை அனுப்பச் சொல்லுங்கள். தெரு தெருவாக, லாரிப் பட்டறை பட்டறையாக, யார் யார் வெளியூரில் இருக்கிறார்கள், எந்தச் சாவடியில் பெயர் என்று ஒரு நோட்டில் எழுதுவோம். திருச்செங்கோடு, சங்ககிரி, பரமத்தி தோழர்களும் அப்படியே எழுதட்டும். தபால் வோட்டுக் கேட்டுக் கமிஷனுக்கு மனுக் கொடுக்கும்போது இந்த நோட்டுகளைக் கட்டி மேஜைமேல் வைக்க வேண்டும். படிவங்கள் இங்கே முன்பெஞ்சில் இருக்கின்றன. எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க மூன்று தோழர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டம் கலைந்ததும் வரிசையாக வாருங்கள்.