ஒரு நாரில் இடம் போதாதபோது

(நூற்றாண்டு ஒன்றுகூடலில், தொலைத்தொடர்புத் துறையில் பணிபுரியும் பழைய மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



"உங்கள் துறையைப் பற்றிச் சொல்லுங்கள், ஆனால் சமன்பாடு வேண்டாம்" என்று விழாக்குழுவிலிருந்து ஓர் அக்கா கேட்டுக்கொண்டார். முடிந்தவரை அதற்குக் கட்டுப்படுகிறோம். ஆயினும் ஓரிடத்தில் மடக்கை வரும். அந்த மடக்கை அட்டவணையை இந்த மண்டபத்துக்குப் பக்கத்து வகுப்பறையில்தான் நாமெல்லோரும் புரட்டினோம். எனவே அக்கா எம்மை மன்னிப்பார்.

இப்போது இந்தத் திரையில் தெரியும் முகங்கள் செய்மதி வழியாக வருகின்றன என்றே பலர் நினைக்கிறார்கள். கண்டங்களுக்கு இடையே செல்லும் தரவில் மிகப் பெரும்பகுதி கடலுக்கு அடியில் கிடக்கும் வடங்கள் வழியாகத்தான் செல்கிறது. ஆழ்கடலில் அந்த வடம் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயின் பருமன்தான். அதற்குள் இருக்கும் கண்ணாடி நார் ஒவ்வொன்றும் 125 மைக்ரோமீற்றர் விட்டமுடையது, ஏறக்குறைய ஒரு தலைமயிரின் பருமன். அதற்கும் நடுவே 9 மைக்ரோமீற்றர் அளவான கரு ஒன்று உண்டு. ஒளி அந்தக் கருவுக்குள்ளேயே அடங்கிச் செல்கிறது. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு முழு அகத்தெறிப்பும் அவதிக்கோணமும் நினைவிருக்கும்.

1966இல் சார்ள்ஸ் காவோவும் ஜோர்ஜ் ஹொக்கமும் இங்கிலாந்தில் இதை எழுதியபோது, இருந்த கண்ணாடியில் ஒளி கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 1000 டெசிபெல் இழந்தது. 20 டெசிபெல்லுக்குக் கீழே கொண்டுவந்தால் பயன்படும் என்றார்கள். 1970இல் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்தார் அதைச் செய்துகாட்டினார்கள். 1988இல் அத்திலாந்திக்கைக் கடந்த முதலாவது ஒளியியல் நார் வடமான ரிஏரி-8 இயங்கத் தொடங்கியது. ஒரு நார்ச்சோடியில் விநாடிக்கு 280 மெகாபிற். அன்று அது மலைக்கவைத்த கணக்கு.

அதன் பின் வந்த முன்னேற்றங்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. முதலில், ஒரே நாரில் பல அலைநீளங்களை, அதாவது பல நிறங்களை, ஒன்றாக அனுப்பினார்கள். 1987இல் உருவான ஏர்பியம் விரியலாக்கி, எல்லா நிறங்களையும் ஒளியாகவே வைத்து ஒரே தடவையில் பெருக்கிக் கொடுத்ததால் அது சாத்தியமானது. பிறகு ஒளி அலையின் அவத்தையிலும் இரு முனைவாக்கங்களிலும் தகவலை ஏற்றினார்கள். கடலடியில் விரியலாக்கியுடன் ஒரு வடம் கிடந்துவிட்டால் போதும், அதைத் தொடாமல் கரையிலுள்ள பெட்டிகளை மட்டும் மாற்றிக் கொள்ளளவைப் பல மடங்காக்க முடிந்தது. இருபது வருடங்களாக எமது துறை பழைய வீட்டில் புது மின்குமிழ் மாற்றுவதுபோல வேலை செய்துவந்தது என்றாலும் தவறில்லை.

அந்த வசதி முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறது. எவ்வளவு தகவலை ஒரு வழியில் பிழையின்றி அனுப்பலாம் என்பதற்கு எல்லை உண்டென்று 1948இல் குளோட் ஷனன் காட்டினார். அந்த எல்லையை உயர்த்த ஒளியின் வலுவைக் கூட்டலாம். ஆனால் கண்ணாடியில் ஒளி செறியச் செறிய அதன் முறிவுச்சுட்டியே சிறிது மாறுகிறது. ஒரு நிறம் பக்கத்து நிறத்தைக் குழப்பத் தொடங்குகிறது. சத்தமான கலியாண வீட்டில் எல்லோரும் குரலை உயர்த்தினால் என்ன நடக்குமோ அதுதான். சாதாரண நார் ஒன்றுக்கு விநாடிக்கு 100 ரெராபிற் அளவில் இந்தக் கூரை இருக்கிறது என்பதே நெடுநாள் மதிப்பீடு.

இப்போது மடக்கை. ஷனனின் எல்லை வலுவுக்கு நேர்விகிதசமமாக உயர்வதில்லை, அதன் மடக்கையாகவே உயர்கிறது. சைகையின் வலு இரைச்சலைப்போல் 255 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு குறியீட்டில் 8 பிற் அனுப்பலாம். வலுவை இரட்டித்தால் கிடைப்பது 9 பிற் மட்டுமே. இருமடங்கு செலவுக்கு ஒரேயொரு பிற். மாறாக, முதலில் இருந்த அதே வலுவை இரண்டு நார்களுக்குப் பாதி பாதியாகப் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொன்றும் 7 பிற் சுமக்கும், மொத்தம் 14. நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 6, மொத்தம் 24. பதினாறாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 4 பிற் அளவுதான், ஆனால் மொத்தம் 64. வலு ஒரு துளியும் கூடவில்லை.

இதுதான் இடப்பிரிப்புப் பல்வழிப்படுத்தலின் அடிப்படை. நேரத்தைப் பிரித்தோம், நிறத்தைப் பிரித்தோம், மிஞ்சியிருப்பது இடம். ஒரு நாரை உச்சத்துக்கு விரட்டுவதை விட்டுவிட்டு, பல வழிகளை மெதுவாக ஓடவிடுவது. கேட்க மிகவும் எளிமையாக இருக்கிறது, முன்பே ஏன் செய்யவில்லை என்று நீங்கள் கேட்கலாம். வழிக்கு ஒரு விரியலாக்கி வேண்டும், நாருக்கும் விலையுண்டு. பழைய கணக்கில் நாரைக் கூட்டுவதைவிட நிறத்தைக் கூட்டுவது மலிவு. கணக்கு மாறிவிட்டது.

கடலில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. வடத்தில் அறுபது, எண்பது கிலோமீற்றருக்கு ஒன்றாக விரியலாக்கிகள் இருக்கின்றன. நடுக்கடலில் அவற்றுக்கு மின்சாரம் கொடுக்க எவருமில்லை. வடத்திலுள்ள செப்புக் கடத்தி வழியாகக் கரையிலிருந்தே ஆயிரக்கணக்கான வோல்ற்றில் ஊட்டவேண்டும்; அதற்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. எனவே கிடைக்கும் வலுவைப் பிரித்துக் கொடுப்பதே புத்தி. கூகிளின் டூனான் வடம் அமெரிக்காவின் வேர்ஜினியா பீச்சையும் பிரான்சையும் இணைத்து 2021இல் சேவைக்கு வந்தது. அதில் 12 நார்ச்சோடிகள். அதுவரை 6 அல்லது 8 சோடிகளே வழக்கம். விரியலாக்கியை இயக்கும் லேசர்களை ஒவ்வொரு நாருக்கும் தனித்தனியே கொடுக்காமல் பல நார்கள் பங்கிட்டுக்கொண்டன. மொத்தக் கொள்ளளவு விநாடிக்கு 250 ரெராபிற்.

எமது தீவைத் தொடும் வடங்களிலும் இதே போக்குத் தெரிகிறது. 2005இல் வந்த சீ-மீ-வீ 4 வடத்தில் 2 நார்ச்சோடிகள். மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5இல் 3. இலங்கையும் பங்கெடுக்கும் சீ-மீ-வீ 6 வடத்துக்குத் திட்டமிடப்பட்டவை 10.

ஆனால் சோடிகளைக் கூட்டிக்கொண்டே போனால் வடத்தின் உட்குழாயில் இடம் முடிந்துவிடும். அதற்கு அடுத்த படியாக, ஒரே நாருக்குள் பல கருக்களை வைக்கிறார்கள். தாமரைத் தண்டைக் குறுக்கே வெட்டினால் துளைகள் தெரியுமல்லவா, பல்கரு நாரின் முகம் அப்படித்தான் இருக்கும். ஒரு கருவின் ஒளி மற்றதற்குள் கசியாதிருக்க ஒவ்வொன்றையும் சுற்றி முறிவுச்சுட்டி குறைந்த அகழி ஒன்று அமைப்பார்கள். யப்பானின் தேசிய தகவல் தொடர்பாடல் தொழினுட்ப நிறுவனம் 2022இல், வழக்கமான 125 மைக்ரோமீற்றர் விட்டத்திலேயே நான்கு கருக்கள் கொண்ட நாரில் விநாடிக்கு 1 பெற்றாபிற்றைக் கடந்தது. அதாவது ஆயிரம் ரெராபிற். அடுத்த வருடம் 38 கருக்கள், ஒவ்வொன்றிலும் மூன்று ஒளிப்பாங்குகள் என்று வைத்து 22.9 பெற்றாபிற்றைத் தொட்டார்கள். இவை ஆய்வுகூடச் சாதனைகள். கடலுக்குச் செல்வது அடக்கமானது: தாய்வான், பிலிப்பைன்ஸ், அமெரிக்கா ஆகியவற்றை இணைக்கும் ரிபியூ வடத்துக்கு ஒரு நாரில் இரண்டு கருக்கள் போதும் என்று 2023இல் அறிவித்தார்கள். எமக்கு அந்த அடக்கம்தான் பிடித்திருக்கிறது. ஒரே கருவில் பல ஒளிப்பாங்குகளை அனுப்பும் வழி அழகானது என்றாலும், வழியில் அவை ஒன்றோடொன்று கலந்துவிடும். முடிவில் கணினிச் சில்லுகள் கடுமையாக உழைத்து அவற்றைப் பிரிக்கவேண்டும். அது நீண்ட கடல்வழிக்கு வர நாட்செல்லும் என்றே நினைக்கிறோம்.

இனி, துறைக்குள் நாம் வாதாடும் விடயம். சாதாரண நார் அறுந்தால் இரு முனைகளையும் துப்புரவாக வெட்டி, நேர்முகமாக வைத்து, மின்பொறியால் உருக்கி ஒட்டுவோம். கரு நடுவில் இருப்பதால் நார் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் கவலையில்லை. பல்கரு நாரில் அப்படியல்ல. முகத்தைப் பார்த்து, கருவுக்குக் கரு பொருந்தும்வரை நாரைச் சுழற்றவேண்டும். இதை ஆடும் கப்பலின் மேல்தளத்துக்குக் கீழே, இரவு இரண்டு மணிக்கு, ஒரு நாரில் அல்ல இருபத்துநான்கு நாரில் செய்யும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அத்துடன், அதே வகை நாரைக் கொண்ட உதிரி வடத்தை, வடத்தின் ஆயுளான 25 வருடங்களும் களஞ்சியத்தில் வைத்திருக்கவேண்டும்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றுண்டு. வடங்களில் ஏற்படும் பழுதுகளில் பெரும்பாலானவை கப்பல் நங்கூரங்களாலும் மீன்பிடியாலும் வருபவை. 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே சீ-மீ-வீ 4 உட்பட இரண்டு வடங்கள் அறுந்தபோது எகிப்து முதல் இந்தியா வரை இன்ரநெற் தடுமாறியது. நங்கூரத்துக்கு உள்ளே இரண்டு சோடியா இருபத்துநான்கா என்று தெரியாது. எல்லாம் ஒன்றாகவே போகும். பல்வழிகளை ஒரே உறைக்குள் அடைப்பது ஒரு பிற்றுக்கான விலையைக் குறைக்கும், ஆனால் பாதுகாப்பைக் கூட்டாது. எனவே பெரிய நாடுகளுக்கு ஏற்ற அறிவுரை எமக்கும் அப்படியே பொருந்தும் என்று நாம் நினைக்கவில்லை. எமது பெரிய வடங்கள் கரையேறும் இடங்கள் கொழும்பு, கல்கிசை, மாத்தறை என்று மேற்கிலும் தெற்கிலுமே இருக்கின்றன. எமது தீவுக்கு முதலில் வேண்டியது வேறுவேறு திசைகளில் செல்லும் வழிகள். ஒவ்வொரு வழியின் தடிப்பையும் அதன் பின்னர் பார்க்கலாம். எம்முள்ளேயே இதற்கு உடன்படாதவர்கள் உண்டு. விலை குறைந்தால்தான் இரண்டாவது வழியை வாங்கவே பணம் வரும் என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது.

நேரம் கடந்துவிட்டதென்று முன்வரிசையில் ஆசிரியை மணிக்கூட்டைக் காட்டுகிறார். அந்தப் பார்வை இன்னும் மாறவில்லை. திரையில் லண்டனிலிருந்து ஓர் அக்கா கையை உயர்த்தியிருக்கிறார். அவரது கேள்வியுடன் தொடங்குவோம்.