சினத்திற்கு ஓர் உருவம்



பூதக் கதை கேட்டு அஞ்சாத குழந்தைகள் அரியர். ஆயினும், வெளியே நிற்கும் பூதத்தினும் தன் உள்ளத்திலே பொங்கும் சினமே குழந்தைக்குப் பெரிய அச்சம் எனலாம். இதனை நயமுறக் காட்டும் திரைப்படம் ஒன்று 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்கரான மொரிஸ் சென்டாக் 1963இல் எழுதிச் சித்திரமும் தீட்டிய சிறுவர் நூலைத் தழுவி, ஸ்பைக் ஜோன்ஸ் அதனை இயக்கினார். 'கொடுவிலங்குகள் வாழும் இடம்' என அதன் பெயரைத் தமிழிற் கூறலாம்.

மக்ஸ் என்னும் சிறுவன் பனியினால் ஒரு குடில் அமைக்கிறான். தமக்கையின் தோழர்கள் அதனை நொறுக்கிவிடுகின்றனர்; தமக்கையோ வாளாவிருக்கிறாள். தந்தை உடனில்லாத வீடு அது. ஓரிரவு, ஓநாய் வேடமணிந்த மக்ஸ் தாயாரோடு பிணங்கி, அவரைக் கடித்துவிட்டு ஓடுகிறான். ஓடமேறித் தீவொன்றை அடைகிறான்.

அங்கே அவன் காண்பது யாது? கரோல் என்னும் பேருருவம் வீடுகளை உடைத்தெறிகின்றது. நெருங்கிய தோழி பிரிந்து சென்ற ஏக்கமே காரணம். பனிக்குடில் இழந்து தமக்கையின் அறையைப் பாழாக்கிய மக்ஸின் மனமே கரோலாக உருக்கொண்டு நிற்கிறது.

துன்பமெல்லாம் நீக்குவதாக வாக்களித்து மக்ஸ் அரசனாகிறான். வாக்கு நிறைவேறவில்லை. கரோல் வெகுண்டு, தன் நண்பனின் கையைப் பிய்த்தெறிகிறது. ஈற்றில் மக்ஸையும் துரத்துகிறது. அன்று தாயார் நின்ற இடத்தில் இன்று மக்ஸ் நிற்கிறான். தன் சினம் பிறருக்கு எத்தகையது என்பதை அவன் அறிவது அப்பொழுதுதான்.

நடிகர் பேருருவ உடையணிந்து நடிக்க, முகபாவங்கள் கணினியால் அமைக்கப்பட்டன. ஜேம்ஸ் கண்டொல்ஃபினி கரோலுக்குக் குரல் கொடுத்தார். ஆகவே, அவ்வுருவத்தின் கண்ணீரும் நம்பத்தக்கதாயிற்று.

மக்ஸ் விடைபெறும் வேளை, கரோல் கரைக்கு ஓடோடி வருகிறது. சொல் எழவில்லை, ஓலமிடுகிறது. மக்ஸும் ஓலமிட்டே விடையளிக்கிறான். வீடு திரும்பிய மகனுக்குத் தாயார் உணவளித்து, அவனையே நோக்கியபடி கண்ணயர்கிறார். கண்டிப்புரை ஏதும் இல்லை.

இத்தகைய படம் சிறுவரை அச்சுறுத்தாதோ என ஐயுறுவோர் உளர். மறைத்து வைத்த சினமே வளர்ந்து பூதமாகும். உருவம் பெற்ற சினத்தைக் குழந்தை கண்டு, இரங்கி, விடைகொடுக்கவும் இயலும். கடித்ததைச் சரியென்று தாயார் கூறவில்லை. கடித்த குழந்தையைக் கைவிடவுமில்லை. பிள்ளை பொருளை உடைக்கும்போது, அதற்குமுன் அவனுடைய எந்தப் பனிக்குடில் உடைந்தது என்று பெற்றோரும் ஆசிரியரும் ஒரு கணம் வினவுதல் நன்று.