உப்பள வரம்பும் ஒலியின் விக்கலும்



புத்தளம் களப்பின் ஓரத்திலுள்ள எங்கள் பாடசாலையில், ஆங்கிலம் கேட்டு விடையெழுதும் பயிற்சியொன்றில் வகுப்பு முழுவதும் ஒரே வினாவுக்குத் தவறான விடையே எழுதியது. கவனக் குறைவென்று ஆசிரியை கடிந்தார். “‘இல்லை’ என்ற சொல் எங்களுக்குக் கேட்கவேயில்லை, சேர்” என்றாள் ஒரு மாணவி.

ஒலிப்பதிவை நான் மீண்டும் போட்டேன். அச்சொல் தெளிவாகவே கேட்டது; ஆனால் விக்கல் வேறோரிடத்தில் எழுந்தது. ஆகவே பழுது பதிவில் அன்று. ஒலிபெருக்கியை மாற்றியும் பயனில்லை. கணினியோ பத்தில் ஒரு பங்கு வேலைகூடச் செய்யவில்லை! பென்டிரைவிற் கோப்புகளைப் பிரதி செய்யும்போது மட்டுமே விக்கல் வந்ததைப் பின்னரே கண்டோம்.

நமது உப்பளங்களை நினைத்துப் பாருங்கள். ஒருவர் மட்டுமே நடக்கக்கூடிய வரம்பில், கூடை சுமந்தவர் நடுவே நின்றுவிட்டால், பின்வருபவர் எத்துணை விரைவானவராயினும் நிற்கத்தானே வேண்டும்? கணினியின் இயங்குதளத்துக்குக் ‘கெர்னல்’ என்னும் கருப்பகுதி ஒன்றுண்டு. பொதுவான ஒன்றை இருவர் ஒரே வேளையிற் கையாண்டு குழப்பாதிருக்க, அது பூட்டுப் போடுகிறது. பூட்டை வைத்திருப்பவர் தாமதித்தால் ஒலிக்குரிய பணி காத்து நிற்கும்.

ஒலியோ காத்திராது. நொடிக்கு 48,000 மாதிரிகள் வீதம் அது செலவாகிறது. 1,024 மாதிரிகள் கொண்ட சிறு சேமிப்பு, 21 மில்லிநொடியிற் தீர்ந்துவிடும். கொழும்பிலுள்ள பழைய மாணவரொருவர், லினக்சிலேயே அமைந்த ‘எஃப்டிரேஸ்’ என்னும் கருவியாற் சுவடு எடுத்துப் பார்த்தார். பிரதி செய்யும் வேளையில் ஒரு பூட்டு அதனினும் நீண்ட நேரம் பிடிக்கப்பட்டிருந்தது.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த தொல்லையன்று. 1996இல் வெளிவந்த லினக்சின் இரண்டாம் பதிப்பிலே, கரு முழுமைக்கும் ஒரே பெரும் பூட்டு இருந்தது. அதனைச் சிறுசிறு பூட்டுகளாகப் பிரித்து, முற்றாக அகற்றி முடிக்க 2011 ஆயிற்று. குறித்த நேரந் தவறாமைக்கான திருத்தங்கள் 2024இலேதான் மூலத்தோடு இணைந்தன.

நாங்கள் செய்தது எளிது: சேமிப்பை 4,096 ஆக்கினோம். 85 மில்லிநொடி அவகாசம் கிடைத்தது, விக்கல் நின்றது. பாடம் நடக்கையிற் பிரதி செய்வதையும் நிறுத்தினோம். ஆசிரியை அந்த விடைத்தாள்களைத் திரும்ப வாங்கி, அவ்வொரு வினாவை மட்டும் நீக்கிப் புள்ளிகளைத் திருத்தினார்.