மழைக்குள் பெரியம்மா காட்டிய எல்லை

(வெள்ளவத்தையில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கொட்டாஞ்சேனையில் பிறந்து வெள்ளவத்தையில் வளர்ந்தவள் நான். ஆனாலும், "எந்த ஊர்?" என்று கேட்பவர்களிடம் "குரும்பசிட்டி" என்றே சொல்லி வந்தேன். ஈழகேசரியை நிறுவிய நா. பொன்னையாவின் ஊர் என்று பெருமையும் சேர்த்துக்கொள்வேன். அந்த ஊரை நான் கண்டதே இல்லை. 1990 யூனில் சனம் இடம்பெயர்ந்த பின் அது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது.

எங்கள் பக்கத்துக் காணிகள் விடுபட்ட பிறகு, ஒரு கார்த்திகை மாதம் பெரியம்மாவுடன் போனேன். எண்பதைத் தாண்டியவர். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள், காணியை விற்றுவிடலாம் என்றார்கள். உறுதி கையில் இருந்தது. எல்லை காட்டத்தான் அவரைத் தவிர ஒருவரும் இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியில் வான் புறப்படும்போதே மழை. கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. கொக்குவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம் என்று பெரியம்மா சொல்லிக்கொண்டே வந்தார். தெல்லிப்பழையில் கிழக்கே திரும்பிக் கட்டுவனைத் தாண்டியதும் அவருடைய பேச்சு நின்றுவிட்டது. வேலிகள் இருந்த இடமெல்லாம் பற்றை.

"நிப்பாட்டச் சொல்லு பிள்ளை. இது எங்கட ஒழுங்கை இல்லை."

இரண்டு முறை திரும்பி வந்தோம். மூன்றாம் முறை கிணற்றைக் கண்டோம். வீடு இல்லை.

பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். நான் குடை பிடித்தேன். கிணற்றடியில் நின்று, வடக்கே ஒழுங்கை, கிழக்கே சின்னையாவின் தோட்டம், தெற்கே கல்வேலி என்று கைநீட்டிக் காட்டினார். நனைந்த கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

புவியியல் பாடத்தில் குடாநாட்டுப் படம் வரைந்து, சுண்ணாம்புக்கல் பகுதிக்கு நிறம் தீட்டி முழுப்புள்ளி வாங்கியவள் நான். வற்றாத ஆறில்லாத அந்த நிலத்தில் மழை செம்மண்ணால் இறங்கிக் கல்லிடையே தங்கிக் கிணறுகளில் ஊறுகிறது. வெங்காயமும் புகையிலையும் அந்த நீரில்தான் விளைந்தன என்றும் எழுதியிருக்கிறேன். அன்றுதான், அவ்வளவு மழையும் என் காலடியில் நிற்காமல் மண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்தேன்.

பெரியம்மா கிணற்றை எட்டிப் பார்த்தார். "நல்ல தண்ணி. இறைக்கத்தான் ஆளில்லை" என்றார். திரும்பி வரும்போது வேறொன்றும் பேசவில்லை.

இப்போது அவரால் அவ்வளவு தூரம் பயணம் செய்ய முடியாது. காணியை விற்பதா, வைத்திருப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் அந்தக் கொப்பியைப் பார்த்து, பிள்ளைகள் முதன்முறையாக, "வீட்டு வாசல் எந்தப் பக்கம்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

உலகெங்கும் இருக்கும் தோழியரே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெரியம்மாவோ அம்மம்மாவோ இருப்பார். மழை விடட்டும் என்று காத்திராமல், அவருடன் ஒருமுறை ஊருக்குப் போய் வாருங்கள். போகும்போது ஒரு கொப்பியும் கொண்டு போங்கள்.