பல் செட் கட்டிய பிறகுதான் வேலையே இருக்கு

(கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிலாளர்களிடையே அரசுப் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நைட் ஷிப்ட் முடிச்சு நேரா வந்திருக்கீங்க, அதனால விஷயத்துக்கே வந்துடறேன்.

இரண்டு மூன்று பல் போனவர்களுக்குக் கழற்றி மாட்டும் பல் செட் கட்டுகிறோம். பலர் சாப்பிடும்போது அதைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்கள், கல்யாணம் காட்சிக்கு மட்டும் மாட்டுகிறார்கள். கேட்டா, "செட்டு சரியில்ல டாக்டர்"ம்பாங்க. கட்டின பிறகு எத்தனை தடவை காட்ட வந்தீங்கன்னு கேட்டா பதில் இருக்காது.

ஏன் திரும்ப வரணும்? பல் எடுத்த இடத்தில் எலும்பு கரையும். முதல் ஆறு மாதம், ஒரு வருடத்தில் அது அதிகம். ஈறு இறங்கும், செட் அப்படியே நிற்கும். இடைவெளி விழுந்தால் ஆடும், ஆடினால் புண் வரும். கடைசிக் கடைவாய்ப் பற்கள் போய், பின்னால் பிடிமானமே இல்லாதவர்களுக்கு இந்தத் தொல்லை கூடுதல். பெரும்பாலும் புது செட் வேண்டியதில்லை. அடியில் அக்ரிலிக் சேர்த்து ஈறுக்குப் பொருத்திவிடலாம், கம்பியை இறுக்கிவிடலாம். நீங்களே அரம் வச்சு ராவாதீங்க. இங்க ஃபிட்டர்கள் நிறைய பேர் இருக்கீங்க, கை சும்மா இருக்காதுன்னு தெரியும்!

அக்ரிலிக் செட் விலை குறைவு, தடிமன் அதிகம், கீழே விழுந்தால் உடையும். கோபால்ட்-குரோமியம் உலோகச் செட் மெல்லியது, உறுதியானது, செலவு கூடும். எதுவானாலும் கொக்கி மாட்டியிருக்கும் சொந்தப் பல்லைக் காப்பாற்றணும். அங்கேதான் சோறு தங்கிச் சொத்தை விழும். அந்தப் பல் போனா செட்டுக்குப் பிடிமானமும் போச்சு.

செட்டை மென்மையான பிரஷ், சோப்பு கொண்டு கழுவுங்கள். பேஸ்ட் கீறும், வெந்நீர் வளைக்கும்.

தூங்கும்போது கட்டாயம் கழற்றித் தண்ணீரில் போடுங்கள். ஈறுக்கு ஓய்வு வேணும். அதைவிட முக்கியமா, சின்ன செட் தூக்கத்துல உள்ளே போனா கொக்கி உணவுக்குழாயில் சிக்கிக் கிழிக்கும், ஆபரேஷன் வரைக்கும் போகும். பகல்ல தூங்குறவங்களுக்கும் இதே கதைதான்.

வேலையிட விபத்தில் பல் போயிருந்தால், விபத்து அறிக்கையோடு இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் செயற்கைப் பல் பற்றிக் கேளுங்கள். மற்றவர்களுக்குத் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சென்னையில், கோட்டை ரயில் நிலையம் அருகே அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கும்மிடிப்பூண்டி லோக்கலில் சென்ட்ரல் பக்கம் இறங்கிப் போகலாம். சந்தேகம் இருந்தால் கிளம்பும் முன் 104-க்குப் போன் போடுங்கள்.

செட் வாங்கிய அன்றே, போனில் மூன்று அலாரம் வையுங்கள்: மறுநாள், ஒரு வாரம், ஆறு மாதம். ஷிப்ட் மாற்றிக்கொள்ள முன்கூட்டியே சூப்பர்வைசரிடம் சொல்லிவிடலாம்.

கூட வேலை பார்க்குற பீகார், ஒடிசா தம்பிகளுக்கும் தெரிஞ்ச இந்தியில ஒரு வார்த்தை சொல்லிடுங்க: தூங்கும்போது கழற்றணும். சரி, இப்ப கேள்வி கேளுங்க.